உடைந்த திருகிலிருந்து இரட்டை அவுட்போர்டு வரை

ஒரே அச்சில் வார்த்த இரண்டு ஃபைபர் படகுகள். இரண்டின் பின்பலகையிலும் ஒரே கம்பெனியின் 300 குதிரைத்திறன் அவுட்போர்டு என்ஜின்கள், படகுக்கு இரண்டு. ஒரே பெட்ரோல், ஒரே ஏரி, ஒரே காலைப் பொழுது. ஒரு படகு மணிக்கு 80 மைல் போகிறது, இன்னொன்று 88 மைல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எட்டு மைல் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் வேகப் படகு வைத்திருப்பவர்களைக் கேட்டால், என்ஜின் மூடியைத் திறக்காமலே பதில் சொல்வார்கள். செட்டப். எந்தப் புரொப்பல்லர் போட்டிருக்கிறது, என்ஜின் எந்த உயரத்தில் தொங்குகிறது, படகிலிருந்து எவ்வளவு பின்னால் தள்ளி மாட்டியிருக்கிறது, இரண்டு என்ஜினும் எந்தப் பக்கமாகச் சுற்றுகின்றன, இரண்டையும் இணைக்கும் கம்பி எவ்வளவு நீளம். அரை அங்குலம் ஏற்றிப் பார்ப்பது, ஒரு புரொப்பல்லரைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுப் பார்ப்பது, திரும்ப ஓட்டி ஜி.பி.எஸ். பார்ப்பது என்று சனி ஞாயிறு முழுக்க இதிலேயே போய்விடும்.

சரி, இதுல வரலாறு எங்க இருக்கு? நான் பார்த்தவரை, இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சமாச்சாரத்துக்கும் பின்னால் ஒரு வருடம், ஒரு ஆள், ஒரு தோல்வி இருக்கிறது. இன்றைக்கு ஒருவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் செய்வதை, முன்பு ஒரு தலைமுறை முட்டி மோதிக் கண்டுபிடித்திருக்கிறது. அந்த வரிசையில்தான் இந்தக் கட்டுரையும் போகிறது.

1837: உடைந்ததால் வேகம் கூடியது

ஃப்ரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் இங்கிலாந்தில் ஆடு மேய்ச்சல் பண்ணை நடத்தியவர். என்ஜினியர் இல்லை. சின்ன வயதிலிருந்தே பொம்மைப் படகுகள் செய்வதில் பைத்தியம். 1836 மே மாதம், திருகு வடிவ உந்தி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்து நீராவிப் படகுகள் எல்லாம் பக்கவாட்டில் பெரிய துடுப்புச் சக்கரம் வைத்து ஓடியவை. நீருக்கு அடியில் ஒரு திருகைச் சுற்றி கப்பலை நகர்த்தலாம் என்பதைப் பலர் நம்பவில்லை.

ஸ்மித்தின் முதல் திருகு மரத்தால் ஆனது. ஒயின் பாட்டில் கார்க்கைப் பிடுங்கும் திருகை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சைச் சுற்றி முழுசாக இரண்டு சுற்று. தர்க்கம் எளிது: ஒரு சுற்று நல்லது என்றால் இரண்டு சுற்று இன்னும் நல்லது. லண்டனில் பாடிங்டன் கால்வாயில் ஒரு சிறு படகில் மாட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். 1837 பிப்ரவரியில் அந்தத் திருகு எதிலோ இடித்து, பாதி உடைந்து போனது. மிச்சம் ஒரு சுற்றுதான். படகு நிற்கவில்லை. முன்பைவிட வேகமாக ஓடியது.

ஏன் அப்படி? திருகின் முதல் பகுதி நீரைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிடுகிறது. அதற்குப் பின்னால் வரும் பகுதிக்குக் கிடைப்பது ஏற்கெனவே பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும் நீர். அதைத் தள்ளி அதிகமாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் மர மேற்பரப்பில் நீர் உராய்வது மட்டும் இரண்டு மடங்கு. அதாவது பாதித் திருகு வேலை செய்தது, மீதிப் பாதி பிரேக் போட்டது. இன்றைய புரொப்பல்லரில் நாலைந்து குட்டைப் பிளேடுகள் மட்டும் இருப்பதற்கும் காரணம் இதுதான். முழுத் திருகிலிருந்து தேவையான துண்டுகளை மட்டும் வெட்டி வைத்திருக்கிறோம்.

ஸ்மித் அடுத்துக் கட்டிய 'ஆர்க்கிமிடீஸ்' கப்பலைப் பார்த்துத்தான் புரூனல் தன் 'கிரேட் பிரிட்டன்' கப்பலைத் துடுப்புச் சக்கரத்திலிருந்து திருகுக்கு மாற்றினார். பிரிட்டிஷ் கடற்படை 'ராட்லர்' என்ற கப்பலில் விதவிதமான திருகுகளை மாற்றி மாற்றிப் போட்டுச் சோதித்தது. 1845 ஏப்ரலில் ராட்லரையும், துடுப்புச் சக்கரம் வைத்த 'அலெக்டோ'வையும் பின்பக்கமாகக் கயிற்றால் கட்டி இழுக்கவிட்டார்கள். முழு வேகத்தில் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்த அலெக்டோவை ராட்லர் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. இந்தக் கயிறிழுப்புதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு அதற்கு முன்னால் நடந்த வேலைதான் பெரிதாகப் படுகிறது: அதே கப்பல், அதே என்ஜின், புரொப்பல்லரை மட்டும் மாற்றி ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தது. இன்றைய சனி ஞாயிறு செட்டப்காரர்கள் செய்வதும் அதேதான்.

1056 என்ற எண்

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிட்டால் பின்னால் வசதியாக இருக்கும்.

மரத்தில் ஸ்க்ரூ ஏற்றுகிறோம். ஒரு முழுச் சுற்றில் அது எவ்வளவு உள்ளே போகிறதோ அதுதான் பிட்ச். 28 அங்குல பிட்ச் என்றால், நீர் மரம்போலத் திடமாக இருந்தால், ஒரு சுற்றுக்குப் படகு 28 அங்குலம் முன்னேற வேண்டும். ஒரு மைலுக்கு 63,360 அங்குலம். நிமிடக் கணக்கை மணிக்கணக்காக்க 60-ஆல் வகுத்தால் 1056. ஆக,

கொள்கைப்படி வேகம் = என்ஜின் ஆர்.பி.எம். × பிட்ச் ÷ (கியர் விகிதம் × 1056)

என்ஜின் 6000 ஆர்.பி.எம்., கியர் விகிதம் 1.75, பிட்ச் 28 என்று போடுங்கள். விடை மணிக்கு 90.9 மைல். ஆனால் ஜி.பி.எஸ். 80 காட்டுகிறது. மீதி எங்கே? நீர் மரம் இல்லை, நழுவிவிட்டது. 12 சதவீதம் ஸ்லிப், அதாவது வழுக்கல்.

வழுக்கல் என்ற பெயர் கொஞ்சம் அநியாயம். பிளேடு நீரை ஒரு சிறு கோணத்தில் சந்தித்து அதைப் பின்னால் தள்ளினால்தான் படகு முன்னால் போகும். தள்ளப்பட்ட நீர் நகரத்தானே செய்யும்? அந்த நகர்வுதான் வழுக்கலாகக் கணக்கில் வருகிறது. அதனால் அதைப் பூஜ்யமாக்குவது யாருடைய லட்சியமும் இல்லை. வழக்கத்தைவிட ஏறினால் எங்கேயோ பிரச்சினை என்று சொல்லும் காய்ச்சல் மானி மாதிரி அது.

சரி, பிட்சை ஏற்றினால் வேகம் ஏறுமே? 28-க்குப் பதில் 30 போடலாமே? இங்கேதான் என்ஜின் வந்து குறுக்கே நிற்கும். பிட்ச் ஒரு அங்குலம் கூடினால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்.பி.எம். குறையும் என்பது அனுபவக் கணக்கு. இரண்டு அங்குலத்துக்கு 350 என்று வையுங்கள். 5650 ஆர்.பி.எம்., பிட்ச் 30. கணக்குப் போட்டால் 91.7 மைல். முன்பு 90.9. இரண்டு விலையுயர்ந்த ஸ்டெயின்லெஸ் புரொப்பல்லர்களை மாற்றிக் காகிதத்தில் கிடைத்த லாபம் ஒரு மைல்கூட இல்லை. என்ஜின் தன் முழுத்திறனைத் தரும் ஆர்.பி.எம். எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த ஒரு மைலும் போய், கூடவே புறப்படும் இழுவையும் போய்விடும், என்ஜினுக்கும் நல்லதில்லை. அதனால்தான் ஒவ்வொரு தயாரிப்பாளரும் முழுத் த்ராட்டிலில் இந்த எல்லைக்குள் ஓட வேண்டும் என்று ஒரு ஆர்.பி.எம். வரம்பை எழுதித் தருகிறார்கள். புரொப்பல்லர் தேர்வு என்பது முதலில் அந்த வரம்புக்குள் உட்காருவது. வேகம் அப்புறம்தான்.

எரிக்சன்: ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு

ஸ்மித் காப்புரிமை வாங்கி ஆறே வாரத்தில், அதே லண்டனில், ஜான் எரிக்சன் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர் இன்னொரு உந்திக்குக் காப்புரிமை வாங்கினார். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை. எரிக்சனுடையது ஒரே அச்சுக்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரங்கள். ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாக.

1836-இல் இது எவ்வளவு முன்யோசனை என்பதைப் பாருங்கள். ஒரு புரொப்பல்லர் சுற்றும்போது நீரைப் பின்னால் தள்ளுவதோடு சுழற்றியும் விடுகிறது. அந்தச் சுழற்சிக்குச் செலவான சக்தி வீண். எதிர்ப்பக்கம் சுற்றும் இரண்டாவது சக்கரம் அந்தச் சுழற்சியை நிமிர்த்தி, வீணானதில் ஒரு பங்கைத் திரும்பப் பிடிக்கிறது. படகை ஒரு பக்கமாக முறுக்கும் விசையும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

1837-இல் எரிக்சன் தன் 'ஃப்ரான்சிஸ் பி. ஆக்டன்' படகில் கடற்படை அதிகாரிகளின் படகைக் கட்டி, தேம்ஸ் நதியில் இழுத்துக் காட்டினார். படகு நன்றாகவே இழுத்தது. ஆனால் விசையைப் பின்பக்கத்தில் கொடுத்தால் கப்பலைத் திருப்ப முடியாது என்பது அவர்கள் கட்சி. கண்ணெதிரே திரும்பிக்கொண்டிருந்த படகைப் பார்த்தபிறகும் அந்தக் கட்சி மாறவில்லை! எரிக்சன் 1839-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே உள்நாட்டுப் போரின்போது 1862-இல் புகழ்பெற்ற 'மானிட்டர்' போர்க்கப்பலைக் கட்டியது அவர்தான்.

ஒரே அச்சில் எதிரெதிரே சுற்றும் இரண்டு புரொப்பல்லர்களை வோல்வோ பென்டா 'டுவோப்ராப்' என்ற பெயரில் உல்லாசப் படகுகளுக்குக் கொண்டுவந்தது 1982-இல். இரட்டை அவுட்போர்டில் இதே யோசனை வேறு உருவத்தில் இருக்கிறது. அச்சு வேறு வேறு, ஆனால் வலது என்ஜின் வலச்சுற்று, இடது என்ஜின் இடச்சுற்று. இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் முறுக்கு விசை இரண்டு மடங்காகி, ஸ்டியரிங் ஒரு பக்கமாகவே இழுக்கும். படகு ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு ஓடும். புரொப்பல்லர் பாதி நீருக்கு வெளியே ஓடும் படகுகளில் இது இன்னும் மோசம். ஏனென்றால் அப்போது புரொப்பல்லர் துடுப்புச் சக்கரம் மாதிரி படகின் பின்பகுதியைப் பக்கவாட்டில் நடக்கவைக்கும்.

எதிரெதிர் என்று முடிவானபிறகும் கேள்வி தீர்வதில்லை. மேல்பக்கப் பிளேடுகள் வெளிநோக்கிச் சுற்ற வேண்டுமா, உள்நோக்கியா? பொதுவான வழக்கம் வெளிநோக்கி. சில இரட்டை உடல் படகுகளில் இரண்டு என்ஜினையும் இடம் மாற்றி உள்நோக்கிச் சுற்றவிட்டால் நிதானம் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. எல்லா உடலுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

1894: நீர் கொதித்தது

பி.இ. படித்த காலத்தில் எங்களுக்கு கேவிடேஷன் என்பது பம்புக்கு வரும் வியாதி. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்தால் நீர் அறை வெப்பத்திலேயே ஆவியாகும், குமிழ் உடையும், இம்பெல்லர் அரிக்கும் என்று எழுதினால் மார்க். அந்த வார்த்தை பிறந்த இடம் பம்பு அல்ல, கப்பல் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை.

1893-94 வாக்கில் பிரிட்டனின் 'டேரிங்' என்ற போர்க்கப்பல் சோதனை ஓட்டத்தில் எதிர்பார்த்த வேகத்தைத் தொடவில்லை. என்ஜின் சக்தி போதுமானதாக இருந்தது. தார்னிக்ராஃப்ட்டும் பார்னபியும் ஆராய்ந்து, பிளேடின் பரப்பைக் கூட்டினார்கள், வேகம் வந்தது. சின்னப் பிளேடில் பெரிய சுமை ஏற்றியதால், பிளேடின் முதுகுப்பக்கம் அழுத்தம் தாறுமாறாக விழுந்து, நீர் ஆவியாகிக் குழிவுகள் உண்டாயின என்பது அவர்கள் விளக்கம். இதற்கு கேவிடேஷன் என்று பெயர் வைத்தவர் ஆர்.இ. ஃப்ரூட். கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துச் சோதிக்கும் முறையை டார்க்கீயில் நிறுவிய வில்லியம் ஃப்ரூடின் மகன்.

அதே நேரத்தில் சார்ல்ஸ் பார்சன்ஸ் தன் நீராவி டர்பைனை வைத்து 'டர்பினியா' என்ற கப்பலைக் கட்டினார். நூறடிக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், ஒன்பதடி அகலம், 44 டன் சொச்சம். எடையோடு ஒப்பிட்டால் அன்றைக்கு மிகச் சக்திவாய்ந்த கப்பல் என்ஜின்களில் ஒன்று. 1894 ஆகஸ்டில் தண்ணீரில் இறக்கினார்கள். புரொப்பல்லரை மாற்றி மாற்றிப் போட்டும் கப்பல் 20 நாட் வேகத்தைக்கூடத் தொடவில்லை.

பார்சன்ஸ் அடுத்துச் செய்ததைத்தான் நான் இந்தக் கதையின் நடுப்புள்ளி என்பேன். என்ஜினைப் பெரிதாக்கவில்லை. 1895-இல் செம்பினால் ஒரு சின்னத் தொட்டி செய்தார். அதற்குள் இரண்டு அங்குல விட்டமுள்ள ஒரு குட்டிப் புரொப்பல்லர். நீரைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடாக்கி, குறைந்த வேகத்திலேயே குமிழ் வரும்படி செய்தார். விட்டுவிட்டு வரும் வெளிச்சத்தைச் சுழற்சியோடு ஒத்துப்போகும்படி பாய்ச்சினார். சுற்றும் புரொப்பல்லர் நின்ற மாதிரி தெரிந்தது. பிளேடின் முதுகில் ஆவிக்குழி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. உலகின் முதல் கேவிடேஷன் தொட்டி அதுதான்.

நோய் தெரிந்ததும் மருந்து தெரிந்தது. டர்பைன் மிக வேகமாகச் சுற்றுகிறது. ஒரே புரொப்பல்லரால் அவ்வளவு சக்தியை நீருக்குக் கொடுக்க முடியவில்லை. ஒரு டர்பைனை எடுத்துவிட்டு மூன்று வைத்தார், மூன்று அச்சுகள், அச்சுக்கு மூன்று புரொப்பல்லர், ஆக ஒன்பது. டர்பினியா 34 நாட் ஓடியது. 1897 ஜூன் 26, விக்டோரியா ராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில், அழைப்பில்லாமல் போர்க்கப்பல் வரிசைகளுக்கு நடுவே பாய்ந்து ஓடியது. துரத்திய ரோந்துப் படகுகளால் பிடிக்க முடியவில்லை. சில வருடங்களில் கடற்படை டர்பைனுக்கு மாறியது. இந்தக் கப்பலை இன்றும் நியூகாசில் டிஸ்கவரி மியூசியத்தில் பார்க்கலாம்.

ஒன்பது புரொப்பல்லர் என்பது சாமர்த்தியம்தானே தவிர நிரந்தரத் தீர்வு இல்லை. என்ஜின் வேகமாகச் சுற்றட்டும், புரொப்பல்லர் மெதுவாகச் சுற்றட்டும், நடுவில் பல்சக்கரம் வைப்போம் என்று 'வெஸ்பாசியன்' என்ற பழைய சரக்குக் கப்பலை வாங்கி பார்சன்ஸே பின்னாளில் சோதித்தார். மேலே நம் கணக்கில் 1.75 என்று ஒரு கியர் விகிதம் வந்ததே, அதுவும் இதே யோசனைதான். அவுட்போர்டின் அடிப்பகுதியில், ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பல்சக்கரம்.

காற்றைக் கூட்டாளி ஆக்கியவர்

கேவிடேஷனோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் வேறு பக்கம் நடந்தவர் கனடாக்காரர் ஆல்பர்ட் ஹிக்மன். 1910-களில் 'ஸீ ஸ்லெட்' என்ற படகை உருவாக்கினார். சாதாரணப் படகின் அடி ஆங்கில வி எழுத்து மாதிரி இருந்தால், இது முன்பக்கத்தில் தலைகீழ் வி. நடுவில் ஒரு சுரங்கம். காற்றும் நீரும் கலந்த நுரை அந்தச் சுரங்கம் வழியாகப் பின்னால் வந்து, புரொப்பல்லருக்குத் திடமான நீர் கிடைக்காமல் செய்தது.

ஹிக்மன் புரொப்பல்லரை ஆழமாக இறக்கவில்லை. மேலே தூக்கினார். பாதி நீரில், பாதி காற்றில். ஒவ்வொரு பிளேடும் மேலிருந்து நீருக்குள் வெட்டி இறங்கும்போது காற்றையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது. பிளேடின் முதுகில் உண்டாகும் குழியில் ஆவிக்குப் பதில் காற்று. ஆவிக்குமிழ் உடையும்போது உலோகத்தை அரிக்கும். காற்று அப்படிச் செய்யாது. அதைவிடப் பெரிய லாபம், அச்சும் அதைத் தாங்கும் கால்களும் நீருக்கு வெளியே வந்துவிட்டன. நீரில் இழுபடும் சாமான் குறைந்தால் வேகம் தானாகக் கூடும். இன்றைய வேகப் படகுகளின் மேற்பரப்புப் புரொப்பல்லர் எல்லாவற்றுக்கும் பாட்டன் இதுதான்.

இரட்டை அவுட்போர்டு செட்டப்பில் என்ஜின் உயரம் என்று எல்லோரும் உருகுவது இதற்காகத்தான். என்ஜினை ஏற்ற ஏற்ற கியர்பெட்டி நீரிலிருந்து வெளியே வருகிறது, இழுவை குறைகிறது. எது வரைக்கும்? புரொப்பல்லர் பிடி விடும் வரை. அல்லது என்ஜினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே வராத வரை. சாதாரண அவுட்போர்டில் அந்த நீர் கியர்பெட்டியின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக ஏறும். உயரம் கூடினால் துளை காற்றைக் குடிக்கும், என்ஜின் வெந்துவிடும். அதற்காகவே வேகப் படகுக் கியர்பெட்டிகளில் அந்தத் துளைகளை மூக்கின் அடிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆர்.பி.எம். மீட்டருக்குப் பக்கத்தில் நீர் அழுத்த மீட்டர் ஒன்று இருப்பதும் இதனால்தான்.

படகுக்கு வெளியே போன என்ஜின்

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் ஒரு புரொப்பல்லரை மாற்ற கப்பலைத் தண்ணீரிலிருந்து தூக்க வேண்டியவர்கள். அச்சின் கோணத்தை மாற்றுவது என்றால் கப்பலையே திரும்பக் கட்டுவது மாதிரி. அவுட்போர்டு வந்துதான் இதை வீட்டு வாசலில் செய்கிற வேலையாக்கியது.

அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மன் 1900-களின் நடுவில் ஒன்றைச் செய்து விற்றார். பரவலாக நிலைபெற்றது நார்வேயில் பிறந்து மில்வாக்கியில் வாழ்ந்த ஓல் எவின்ரூட் 1909-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒன்றரைக் குதிரைத்திறன். கையால் தூக்கிக்கொண்டு போய், படகின் பின்பலகையில் கவ்வவைத்து முடுக்கினால் போதும். மனைவி பெஸ்தான் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

1939-இல் கார்ல் கீக்ஹேஃபர் விஸ்கான்சினில் நொடித்துப்போன ஒரு அவுட்போர்டு தொழிற்சாலையை வாங்கினார். உள்ளே, வாடிக்கையாளர் வேண்டாமென்று திருப்பிய சுமார் 300 பழுதான என்ஜின்கள். விற்று முதலாக்க அவற்றைப் பிரித்துச் சரிசெய்ததில் பிறந்தது மெர்க்குரி. 1957-இல் ஃப்ளோரிடாவில் ஒரு ஏரியையும் சுற்றியுள்ள காட்டையும் வளைத்துப்போட்டு, அதற்கு 'லேக் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். போட்டிக் கம்பெனிகளின் கண்படாத சோதனைக்கூடம். அங்கே அவருடைய என்ஜின்கள் இரவு பகலாக ஏரியையே சுற்றிச்சுற்றி, உலகத்தைச் சுற்றும் தூரமான 25,000 மைல் ஓடின. பெட்ரோலையும் ஓட்டத்திலேயே நிரப்பினார்கள்.

இரட்டை என்ஜின் ஏன் வந்தது? பெரிய காரணம் எளியது: வேண்டிய அளவுக்கு ஒற்றை என்ஜின் இல்லை. 1960-களின் தொடக்கத்தில்தான் அவுட்போர்டு 100 குதிரைத்திறனைத் தொடுகிறது. அதற்கு மேல் வேண்டுமானால் இன்னொன்றைப் பக்கத்தில் மாட்ட வேண்டியதுதான். கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று நின்றால் இன்னொன்று என்ற தைரியம் கூடுதல் லாபம். மெர்க்குரியின் வி6 என்ஜின் 1976-இல் 175 குதிரைத்திறனோடு வந்தபிறகும் இரட்டை போகவில்லை. ஆசைதான் வளர்ந்தது.

இரண்டு வந்தால் கணக்கு இரண்டு மடங்கு அல்ல

ஒரு என்ஜினைச் சரிசெய்வதை இரண்டு தடவை செய்தால் இரட்டை செட்டப் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை.

வி வடிவப் படகில் ஒற்றை என்ஜின் நடுக்கோட்டில், அடி மிக ஆழமாக இருக்கும் இடத்துக்குப் பின்னால் தொங்கும். இரண்டு என்றால் இரண்டும் நடுவிலிருந்து தள்ளிப்போகும். அங்கே படகின் அடி உயரத்தில் இருக்கும். அதனால் என்ஜினையும் ஏற்ற வேண்டும். திரும்பும்போது வெளிப்பக்க என்ஜின் நீரைவிட்டு எழும்பப் பார்க்கும். பிளேடின் விளிம்பில் கப் என்று சொல்லும் சின்ன மடிப்பு இருந்தால் பிடி கொஞ்சம் நிற்கும், ஆர்.பி.எம். கொஞ்சம் இறங்கும். என்ஜினைப் பின்பலகையிலிருந்து சில அங்குலம் பின்னால் தள்ளி மாட்டினால், படகின் அடியைவிட்டு வெளிவந்த நீர் அங்கே மேலே எழும்பியிருக்கும். என்ஜினை இன்னும் ஏற்றலாம். ஆனால் எடை பின்னால் போவதால் படகு எழுந்து ஓடத் தொடங்க நேரமாகும்.

பிறகு இணைப்புக் கம்பி. இரண்டு கியர்பெட்டியும் முன்பக்கத்தில் மிகச் சிறிதளவு நெருங்கியோ விலகியோ இருக்கலாம். காலில் செருப்பு மாட்டிக்கொண்டு நடப்பதில் உள்பாதம் வெளிபாதம் மாதிரி. கம்பியின் திருகில் அரைச்சுற்று மாற்றினால் கோணம் மாறும். கோணம் பொருந்தவில்லை என்றால் இரண்டு கியர்பெட்டியும் நீரைக் குறுக்காக உழும். வேகம் குறைவது மட்டுமில்லை, ஸ்டியரிங் நடுங்கும்.

இதிலே எதைத் தொட்டாலும் இன்னொன்று மாறும். மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ் பார்க்கிற ஆட்களுக்கு இது பழகிய தலைவலி. ஒரு அடைப்பை எடுத்தால் அடுத்த அடைப்பு வெளியே தெரியும். அதனால் அங்கேயும் இங்கேயும் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, ஓட்டு, எழுதிவை. ஆர்.பி.எம்., ஜி.பி.எஸ். வேகம், வழுக்கல், நீர் அழுத்தம், பெட்ரோல் அளவு, எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், காற்று எந்தப் பக்கம். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் வேகம் கூடினாலும் எதனால் என்று தெரியாது.

காற்றில் ஓடும் படகு, தமிழில் ஒரு பெயர்

1960-களின் கடைசியில் இத்தாலியின் மோலினாரி குடும்பம் இரண்டு மெல்லிய உடல்களுக்கு நடுவே சுரங்கம் வைத்த பந்தயப் படகுகளைக் கொண்டுவந்தது. வேகம் கூடக்கூடச் சுரங்கத்துக்குள் புகும் காற்று படகைத் தூக்கும். அதைப் பின்பற்றி வந்த இரட்டை அவுட்போர்டு வேகப் படகுகளை அமெரிக்கர்கள் செல்லமாக 'கேட்' என்கிறார்கள். கேட்டமரான் என்பதன் சுருக்கம். நம் கட்டுமரம்தான். வில்லியம் டேம்பியர் என்ற ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையில் பார்த்ததை 1697-இல் அச்சான தன் பயண நூலில் அந்தப் பெயரோடு எழுதினார்.

பெருமைப்படுவதற்கு முன் ஒரு திருத்தம். நம் கட்டுமரம் இரட்டை உடல் படகு இல்லை. மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இரட்டை உடல் வடிவம் பசிபிக் தீவுக்காரர்களின் சொத்து. போனது பெயர் மட்டும்தான். வடிவத்தையும் நாம் கொடுத்தோம் என்று சுற்றும் செய்திகளை நம்ப வேண்டாம்.

காற்று தூக்கும் படகில் செட்டப் என்பது வேக விஷயம் மட்டும் இல்லை. முன்மூக்கு ஒரு எல்லைக்கு மேல் எழுந்தால் காற்று அடியில் புகுந்து படகையே பின்பக்கமாகப் புரட்டிவிடும். வேகம் ஏறும்போது கியர்பெட்டியின் மழுங்கிய முனையில் குமிழ் உண்டாகி, புரொப்பல்லர் சட்டென்று பிடிவிட்டு, பின்பகுதி வழுக்கி, படகு திடீரென ஒரு பக்கம் வெட்டும். பார்சன்ஸ் தொட்டியில் பார்த்த அதே ஆவிதான், இப்போது மனிதர் உட்கார்ந்திருக்கும் படகுக்கு அடியில். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைந்த படகுகளில், ஓட்டுபவர் இருக்கையிலிருந்து விழுந்தால் என்ஜினை நிறுத்தும் இணைப்பைப் பயன்படுத்துவது சட்டப்படி கட்டாயம். பெரும்பாலும் அது உடம்பில் கட்டிக்கொள்ளும் ஒரு கயிறு. செட்டப் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது அதைத்தான் என்பேன்.

இந்த வரிசையைத் திரும்பப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஜெயித்தவர்கள் பெரிய என்ஜின் வைத்திருந்தவர்கள் அல்ல. டர்பினியா 20 நாட்டுக்குள் திணறியபோதும் அதில் அன்றைய சிறந்த என்ஜின்தான் இருந்தது. ஜெயித்தவர்கள் அளந்து பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தவர்கள். ஸ்மித் உடைந்த திருகைத் தூக்கிப் போடாமல் வேகத்தைக் கவனித்தார். கடற்படை ஒரே கப்பலில் பல திருகுகளைப் போட்டது. பார்சன்ஸ் தொட்டி செய்தார். கீக்ஹேஃபர் ஏரியையே வாங்கினார். கண்ணெதிரே நடந்ததைப் பார்த்தும் அளக்க மறுத்தவர்கள் எரிக்சனைக் கப்பலேற்றி அனுப்பினார்கள்.

ஆக, அந்த எட்டு மைல் எந்தக் கடையிலும் ஒரு பெட்டியில் கிடைக்காது. அரை அங்குலமாக, அரைச்சுற்றாக, நோட்டில் ஒவ்வொரு வரியாகத்தான் சேரும்.